முருகேசனின் இடது ஷூவும் என் செதுக்குக் கத்தியும்

போன வாரம் எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டார்கள். கத்தி தீட்டப் புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் மகேஸ்வரி, மொட்டை போட்ட குழந்தையைக் காட்டுவதுபோல அதை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சுவிட்சைப் போட்டால் பட்டை சுற்றுகிறது. சாய்வு வைக்க ஒரு திருகு இருக்கிறது.

"நீங்க அரை நாள் ஒக்காந்து பண்ணுனதை இது ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சுருதுங்கக்கா!"

எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. பொறாமை துளியும் இல்லை. என் இரண்டு தோள்பட்டையும் இந்த மிஷினுக்காகத்தான் இருபத்தெட்டு வருடம் காத்துக்கொண்டிருந்தன.

"எல்லாஞ் சரி கண்ணு, முதுகு பார்த்தியா?" என்று கேட்டேன்.

"யாரு முதுகுங்கக்கா?" என்றாள்.

சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்துவிட்டது. எடுத்து, "போன்ல சொன்னா விளங்காது, எழுதித் தர்றேன்" என்றேன். அதனால் இது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒர்க்‌ஷாப் மலைமேல், ஒண்டிக்கடை என்கிற முக்குக்கு மேலே, ஒரு ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் செருப்பைப் போட முடியாதவர்களுக்கு அங்கே ஷூவும் செருப்பும் செய்வோம். ஒரு கால் குட்டையானவர்கள், பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள், சர்க்கரைப் புண் வந்து விரல் எடுத்தவர்கள். தோல் வெட்ட, செதுக்க, துளை போட என்று முப்பது நாற்பது ஆயுதங்கள் உண்டு. அவற்றைத் தீட்டி, துடைத்து, துருப்பிடிக்காமல் காப்பது என் வேலை.

நான் கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தது கூட்டிப் பெருக்க. தோல் வேலை நடக்கிற இடமா என்று உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களே குதிகால் வலி என்று எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் அளவெடுக்க ஆள் கூப்பிட்டேன், வேறென்ன செய்வது!

ஒரு நாள் பெருக்கும்போது மேஜைக்கடியில் துருப்பிடித்த கத்தி ஒன்று கிடந்தது. எங்கப்பா காப்பிச் செடிக்குக் கவாத்துக் கத்தி தீட்டுவதைப் பார்த்தவள் நான். கை சும்மா இருக்காமல் வாசற்படிக் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்து மேஜைமேல் வைத்தேன். மறுநாள் ஃபோர்மேன் தேவராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். கல்லில் எப்படித் தேய்த்தேன் என்று செய்து காட்டச் சொன்னார். அன்றோடு விளக்குமாறு வேறு கைக்குப் போயிற்று. அடுத்த மூன்று வருடத்தில் நான் கற்றதைச் சொல்ல ஆரம்பித்தால் மகேஸ்வரி ஓடிவிடுவாள். என் விரல்களில் பிளாஸ்திரி இல்லாத நாள் குறைவு, அவ்வளவு போதும்.

தேவராஜ் சார் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு வந்தபிறகு எங்கள் 'ங்க' அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஆளுக்குப் போட்டதைக் கத்திக்கும் போடுவார். காலையில் வந்ததும் ஒவ்வொரு கத்தியாக எடுத்து, கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்துப் பார்ப்பார். கூராக இருந்தால் நகத்தில் பிடித்து நிற்கும், மழுங்கியிருந்தால் வழுக்கும். வழுக்கினால், "சரோஜாம்மா, இவங்க இன்னும் எந்திரிக்கலைங்க. எழுப்பி அனுப்புங்க" என்பார். துருப் புள்ளி தெரிந்தால், "இவங்களுக்குச் சளி பிடிச்சிருக்குங்க" என்பார். சிரிக்கமாட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு கத்தியை வாங்கிக்கொண்டு ஓடுவேன். ஒரு தடவைகூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் 'ங்க' கூடும். "பாருங்கங்க" என்றால் அன்றைக்குப் பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சளி என்று அவர் சொன்னது பொய்யில்லை. இங்கே பனி மூடினால் இரும்புக்கு ஒரு இரவு போதும். தேங்காயெண்ணெய் தடவினால் மார்கழியில் உறைந்துபோகும். அதனால் மிஷின் எண்ணெய் தொட்ட துணியில் ஒவ்வொன்றையும் துடைத்து, அலமாரியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டில் வைப்பேன். காலையில் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தபிறகுதான் தோலில் வைக்கலாம். இல்லாவிட்டால் கறை பிடிக்கும்.

கத்திகளிலேயே கஷ்டமானது செதுக்குக் கத்தி. இரும்பு அறுக்கும் பெரிய ரம்பத்தின் உடைந்த பிளேடிலிருந்து நாங்களே செய்துகொள்வது. இரண்டு விரல் அகலம். ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கத்தைத்தான் முதுகு என்போம். ஷூவுக்குள்ளே ஒரு தோல்மேல் இன்னொரு தோல் ஏறும் இடத்தில், இரண்டின் ஓரத்தையும் வெங்காயத் தோல்போலச் செதுக்கி மெலிதாக்கவேண்டும். ஒட்டியபிறகு தடவினால் ஒட்டிய இடமே தெரியக்கூடாது. அதற்குத்தான் இந்தக் கத்தி.

இனி முருகேசன் கதை.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து பத்துப் பதினொரு வருடம் ஆகியிருக்கும். முருகேசன் மிளகு பறிப்பவன். சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து ஏறியவன் சறுக்கி விழுந்து, தொடையும் முட்டியும் உடைந்து, கூடியபோது இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. அதோடு முழங்காலுக்குக் கீழே நரம்பு செத்துப்போய் உணர்ச்சியே இல்லை. முள் குத்தினாலும் தெரியாது. அவனுக்கு இடது காலில் அடி உயர்த்திய ஷூ செய்து கொடுத்தோம். கக்கத்துக் கட்டையை ஊன்றாமல் ஒண்டிக்கடை வரை நடந்து போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, "குடிச்சுட்டு வந்துட்டனுங்க!" என்று வாசலில் நின்று கத்தினான்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, விழுந்ததால் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. பெண் செம்மநத்தத்துச் செல்வி. காப்பிக் கொட்டை தரம் பிரிக்கும் இடத்தில் வேலை. மூன்றாவதாகக் குறித்த தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அவளேதான் அவனை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதைப் பாருங்க" என்று அவன் சாக்ஸைக் கழற்றினாள்.

சுண்டுவிரலுக்குக் கீழே, நெற்றிப் பொட்டளவில் ஒரு புண்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. சாக்ஸு ஈரமாயிருக்குதேன்னு பார்த்தா..." என்றான் முருகேசன்.

டாக்டர் பார்த்தார். மேலோட்டமான புண், காலைக் கீழே வைக்காமல் பத்து நாள் இருந்தால் ஆறிவிடும் என்றார். ஆனால் அதே ஷூவைத் திரும்பப் போட்டு புண் உள்ளே இறங்கினால் பாதத்துக்கே ஆபத்து என்றும் சொன்னார். முருகேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தேதியைத் தள்ளிருங்க. ரெண்டு கட்டையை ஊனிக்கிட்டு மணவறைக்கு நான் வரமாட்டேன்" என்றான்.

"இன்னொருக்காத் தள்ளுனா எங்கப்பா வேற மாப்பிள்ளை பாத்துருவாருங்கக்கா" என்று என்னிடம் சொன்னாள் செல்வி. அவன் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

தேவராஜ் சார் அந்த ஷூவை வாங்கி உள்ளே கையை விட்டுத் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. நான் தடவினேன். வழவழவென்றுதான் இருந்தது. செல்வி, "குடுங்க" என்று வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஒரு விரலை உள்ளே ஓட்டினாள். பாதி வழியில் விரல் நின்றது.

"இங்க ஒரு மேடு இருக்குதுங்க. கொட்டையில பூச்சி அடிச்ச ஓட்டை எப்படித் தட்டுமோ, அந்தளவுக்குத்தானுங்க."

சார் உள்தோலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். செதுக்கிய ஓரத்தில் ஒரு படி இருந்தது. மயிரிழைக்குச் சற்று அதிகம். உணர்ச்சி இருக்கிற கால் என்றால் ஒரு மணி நேரத்தில் 'உறுத்துது' என்று கழற்றி எறிந்திருக்கும். அவன் கால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

செதுக்கியது சார். கத்தி தீட்டியது நான்.  சார் மேஜையிலிருந்த கத்தியை எடுத்தார். நகத்தில் வைத்தார், பிடித்தது. நியூஸ் பேப்பரில் இழுத்தார், சத்தமில்லாமல் இரண்டாகப் போனது. கூர் இருந்தது. பிறகு ஒரு கண்ணாடித் துண்டின்மேல் கத்தியின் முதுகைப் படுக்க வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார்.

"சரோஜாம்மா, பாருங்கங்க."

அந்தக் 'கங்க'வைக் கேட்டதுமே எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்கும் கத்தியின் வாய்க்கும், அதாவது வெட்டும் ஓரத்துக்கும், நடுவே நூல்போல வெளிச்சம் ஓடியது. முதுகு தட்டையாக இல்லை, உருண்டிருந்தது. அப்படிப்பட்ட கத்தி தோலில் ஒரே சீராகப் போகாது. முங்கும், எழும்பும். எழும்பின இடத்தில் படி விழும்.

"இவங்க கூன் போட்டுக்கிட்டு வேலை செஞ்சிருக்காங்க. கூன் எங்கிருந்து வந்துச்சுங்க?" என்றார்.

தீட்டுக்கல்லை எடுத்து அதன்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தினேன். ஓரம் இரண்டும் தொட்டன. நடுவில் விரல் நகம் நுழையும் பள்ளம். தினமும் நடுவிலேயே தேய்த்துத் தேய்த்து நான்தான் அதைத் தொட்டிலாக்கி வைத்திருந்தேன். பத்து வருடம் கத்தி கூராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். கல்லைப் பார்க்கவே இல்லை.

"என்னாலதான் சார்" என்றேன்.

"கத்தி ஒங்களுது, கை என்னுது. பாதிப் பாதி" என்றார் அவர். கத்தியை என் கையில் கொடுத்து, "புது ஷூவுக்கு நீங்களே செதுக்குங்க. தீட்டுனவங்க சொன்னாத்தான் இவங்க கேப்பாங்க" என்றார். நான் தோல் செதுக்கியது அதுவரை கழிவுத் துண்டில் மட்டும்தான்.

மலைப்பாதையில் மண் சரிந்து லாரி ஏறாத மழைக்காலம். உள்ளே போடும் மெத்தென்ற தோல் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். கெட்டுப்போனால் வேறு இல்லை.

மறுநாள் காலை கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் தெளித்தேன். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டேன். அதைக் கவிழ்த்துத் தேய்த்தேன். ஓரத்துக் கோடுகள் உடனே அழிந்தன, நடுவிலிருந்தவை சிரித்துக்கொண்டே இருந்தன. மறுபடி கோடு, மறுபடி தேய்ப்பு. சாப்பாட்டு மணி அடித்தபோது நடுவில் ஒரு சிறு கோடு மட்டும் பாக்கி. அதையும் அழித்துவிட்டு நிமிர்ந்தால் என் முதுகுதான் கூனாகியிருந்தது.

பிறகு கத்தி. முதலில் முதுகை மட்டும் தட்டைக் கல்லில் வைத்து, இரண்டு விரலால் அழுத்தி, கண்ணாடிபோல மின்னும்வரை தேய்த்தேன். அப்புறம் சாய்வுப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசினேன். கல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தால், மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். சாய்வு தொடங்கும் மேல் பக்கம் மட்டும் போயிருந்தால் கையைக் கொஞ்சம் தூக்கவேண்டும், வாய்ப் பக்கம் மட்டும் போயிருந்தால் தாழ்த்தவேண்டும். முழுசாகப் போகும்வரை அப்படியே. சாய்வைத் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் பிசிறு ஒன்று எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, விரலில் தட்டும். வாய் முழுக்க அது ஒரே சீராக எழும்பினால்தான் கூர் முழுசாக வந்ததாக அர்த்தம். அப்புறம் மெல்லிய கல்லில் முதுகையும் சாய்வையும் மாற்றி மாற்றித் தடவி, கடைசியில் பச்சை மெழுகு பூசிய தோல் பட்டையில் பின்னோக்கி மட்டும் இழுத்து அந்தப் பிசிறைக் கழற்றவேண்டும். முன்னோக்கி இழுத்தால் பட்டை இரண்டாகும். எனக்கு அந்த அனுபவமும் உண்டு.

சாயங்காலம் கண்ணாடியில் படுக்க வைத்தேன். வெளிச்சம் இல்லை. சார் பார்த்தார். "நிமிந்துட்டாங்க" என்றார்.

செல்வி தினமும் வேலை முடிந்து வந்துவிடுவாள். நான் கழிவுத் துண்டுகளைச் செதுக்கி ஒட்டிக் கொடுக்க, அவள் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பாள். "இங்க இருக்குதுங்க." "இங்கயுந்தானுங்க." பதினேழு துண்டு. நாலாம் நாள் ஒரு துண்டைத் தடவிவிட்டு, "எங்கீங்கக்கா ஒட்டுனீங்க?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிக் குதித்தோம். சார் பார்க்காததுபோல ஆணி எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பல்புச் சூட்டில் காய்ந்திருந்த அந்தக் கடைசித் தோலை மேஜையில் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கத்தியை வைத்தேன். சீவல் சுருள் சுருளாக, ஊதினால் பறக்கும்படி வந்தது. எனக்கு உள்ளே ஒரு மத்தாப்பு எரிந்தது. வேலையில் அப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் டாக்டர் புண் ஆறிவிட்டது என்றார். தரையில் துவைத்த பெட்ஷீட்டை விரித்து முருகேசனை நடக்க வைத்தோம். புது ஷூவுக்கு ஒரு விதி உண்டு. அரை மணி நேரம் போட்டதும் கழற்றிப் பாதத்தைப் பார்க்கவேண்டும். சிவந்திருந்தால் ஷூ ஆகாது. பார்த்தோம். சிவக்கவில்லை. "நாளைக்கும் அரை மணிக்கொருக்கா கழட்டிப் பாக்கோணுங்க" என்று சார் சொல்ல, முருகேசன் தலையை ஆட்டினான். கல்யாண மாப்பிள்ளை எதற்கு வேண்டுமானாலும் தலையை ஆட்டுவான்.

செம்மநத்தத்தில் செல்வி வீட்டு வாசலில் பந்தல். பனி இறங்கி, பந்தலில் கட்டிய வாழைமரமே பாதிதான் தெரிந்தது. மாப்பிள்ளை ஜீப் கீழே ரோட்டில் வந்து நின்றதும் செல்வியின் பெரியப்பா முன்னால் வந்தார்.

"ஏனுங்க, மணவறையில செருப்போட ஏறலாமுங்களா?"

 உள்ளேயிருந்து, தலையில் பூவோடு, பாதி அலங்காரத்தில் செல்வி எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா, அது செருப்பில்லீங்க. அவருக்குக் காலுங்க."

பெரியப்பா யோசித்தார். "மண்ணுல பட்டுதுங்களா?" என்று சாரைக் கேட்டார்.

"இல்லீங்க. பெட்ஷீட்ல மட்டுந்தானுங்க நடந்தாங்க."

"அப்பச் சரி. மண்ணுல படாமக் கொண்டாந்துருங்க."

அவ்வளவுதான். மிளகு பறிக்கும் கூட்டாளிகள் நாலு பேர் முருகேசனை ஜீப்பிலிருந்து அப்படியே தூக்கினார்கள். ஈரச் சரிவில் ஒருவன் சறுக்க, மாப்பிள்ளை ஒரு பக்கம் சாய, "ஷூவு! ஷூவு!" என்று சார் பின்னாலேயே ஓட, மேளக்காரர் சிரிப்பில் தாளத்தைத் தவறவிட்டார். ஆரத்தி எடுக்க வந்த அக்காவுக்கும் சிரிப்பில் தட்டு ஆடியது. எப்படியோ மணவறையில் இறக்கினார்கள். தாலி கட்டினான். பிறகு செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கட்டை இல்லாமல், நேராக, மணவறையை மூன்று சுற்றுச் சுற்றினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. இடது காலைத்தான் பார்த்தேன்.

போட்டோக்காரர் எல்லாரையும் நிற்க வைக்கும்போது சார் மணவறைமேல் ஏறிவிட்டார்.

"நாப்பது நிமிஷம் ஆயிருச்சுங்க. கழட்டுங்க."

"சார், ஒரே ஒரு போட்டோங்க..." என்றான் முருகேசன்.

"கழட்டுங்கங்க."

நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சார் ஷூவைக் கழற்றினார். வெள்ளைச் சாக்ஸில், சரியாகச் சுண்டுவிரல் பக்கம், சிவப்பாக ஈரம்.

மேளம் நின்றுவிட்டது.  என் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம். பதினேழு துண்டு, பென்சில் கோடு, கல், எல்லாம் வீண், எங்கேயோ ஒரு படி விட்டுவிட்டேன் என்று தோன்றியது. பெரியப்பா, "என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தார்.

செல்விதான் மண்டியிட்டாள். பட்டுப்புடவை கசங்குவதைப் பார்க்காமல் சாக்ஸை உருவினாள். பாதத்தின்மேல் சிவப்பு வழிந்திருந்தது. புண் இருந்த இடத்தை அந்த ஒற்றை விரலால் கண்ணை மூடித் தடவினாள். பிறகு விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"மஞ்சளுங்க!" என்று கூவினாள். "ஆரத்திங்க! ஆரத்தித் தண்ணி ஊத்தியிருக்குதுங்க!"

ஆரத்தி எடுத்த அக்கா, "அய்யோ சாமி, நாந்தானுங்க, சிரிச்சதுல சிந்திப்போச்சு!" என்று தலையில் கை வைத்தாள். சார் தன் வேட்டி நுனியாலேயே பாதத்தைத் துடைத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் பார்த்தார், ஓரத்தில் பார்த்தார். குழந்தைப் பாதம்போல இருந்தது. ஒரு சிவப்பு இல்லை.

"செவக்கலைங்க" என்றார் மெதுவாக. பிறகு, அத்தனை வருடத்தில் நான் கேட்டிராத குரலில், பந்தலே அதிரும்படி, "செவக்கலைங்க!" என்றார்.

மேளக்காரருக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. முருகேசனின் கூட்டாளிகள் ஆடினார்கள், பெரியப்பா ஆடினார், நான் ஆடினேன். அதுவரை சிரித்தே பார்த்திராத தேவராஜ் சார், பல்லெல்லாம் தெரிய, மாப்பிள்ளையின் ஈரச் சாக்ஸைத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டு ஆடினார்.